கார்களுக்கு மேலே துலுக்கானம்

கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு எத்திராஜ் சுற்றுச்சுவர் மேல் ஏறினான். ஒரு கை விளக்குக் கம்பத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் ஃப்ளெக்ஸின் ஓரம். பேச வாய் இல்லை. அதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

முதல் மாடி பால்கனியிலிருந்து மறுமுனைக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள் பவ்யா. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ மீட்டிங் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எத்திராஜண்ணா, இன்னும் கொஞ்சம் லூஸ் குடுங்க. பத்தலீங்க."

அவன் கயிற்றைக் கம்பத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். வாய் விடுதலையானது.

"இழு பாப்பா. நல்லா இழு. சாமித் தேரு இழுக்கிற மாதிரி இழு."

வரிசையாக நின்ற கார்களுக்கு மேலே ஃப்ளெக்ஸ் மெல்ல எழும்பியது. அதற்கும் மேலே தூங்குமூஞ்சி மரம் கிளை விரித்து நின்றது. கிளைகளில் வக்கா என்கிற இராக்கொக்குகளின் கூடுகள். உள்ளே குஞ்சுகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

கீழே பிளாஸ்டிக் ஸ்டூலில் நின்று மூன்றாவது மூலையைத் தூக்கிப் பிடித்திருந்தான் முகமது ஆசிக். ஆவடி போகும் ரோட்டில் கார் சீட் கவர் கடை வைத்திருப்பவன். கிடைத்த ஃப்ளெக்ஸ்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் வளையம் அடித்துக் கொடுத்தவன் அவன்தான்.

"மாமே, பாத்து. நீ உழுந்து கிழிஞ்சா தெக்கிறதுக்கு எங்கையில நூல் இல்ல."

"நீ உன் மூலைய புடி. சும்மா வாய் அடிச்சிகினு."

நான்கு மூலையும் இறுகியது. பவ்யா கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு பெரிய முகம். கூலிங் கிளாஸ், முறுக்கிய மீசை, கும்பிட்ட கை. மேல்வரிசையில் வட்டம் வட்டமாகத் தலைவர்கள்.

"இது யாருங்ணா?"

"நம்ம துலுக்கானம். வட்டச் செயலாளரு. பொறந்த நாள் பேனரு. பந்தல்காரன் டீக்கடைக்குப் பின்னால சுருட்டிப் போட்டிருந்தான். கேட்டேன், எடுத்துக்கோன்னுட்டான். தொட்டுப் பாரு, பின்னாடி கறுப்பு அடிச்ச கனமான சரக்கு. காத்துக்கு அசையாது."

"அவரு ஏதாச்சும் சொல்லிட மாட்டாருங்களா?"

"இன்னா சொல்லப் போறாரு? குப்பைக்குப் போற பேனருக்கு வேல குடுத்துகீறோம்."

அப்போது முதல் எச்சம் விழுந்தது. தட் என்று ஒரு சத்தம். இன்னொரு தட். கீழே நின்ற வெள்ளைக் காரின் கூரை பளபளவென்று அப்படியே இருந்தது. எத்திராஜ் சுவர் மேல் நின்றபடியே கை தட்டினான். தட்டியதில் சாயப் போனான். கம்பத்தைக் கட்டிக்கொண்டான்.

"உழுந்திச்சு பாப்பா. கார் மேல உழல."

பவ்யா காதிலிருந்த கருவியைப் பிடுங்கிவிட்டுச் சிரித்தாள். அது வெள்ளிக்கிழமை காலை.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்தது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. எத்திராஜ் பிறந்தது கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயல்கள் மனைகளான பிறகு வீட்டில் எல்லோரும் கம்பெனி பக்கம் போனார்கள். எத்திராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டினான். இடது கை ஆள்காட்டி விரலின் நுனி அங்கேயே போனது. கம்பெனி மூடியதும் ஷேர் ஆட்டோ. அதற்குப் பிறகு கார் கழுவும் வேலை. வாளி, துணி, ஷாம்பு, ஒரு நீளக் குழாய். விடிவதற்குள் வந்துவிடுவான். மனைவி கெங்கம்மாள் தையல் கம்பெனிக்குக் கிளம்பும்போது அவன் பாதிக் கார்களை முடித்திருப்பான்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. எதைப் பிடித்தாலும் அதையே பேசுவான். ஒரு வருஷம் கேரம் போர்டு. ஒரு வருஷம் மொட்டை மாடியில் கீரை. கெங்கம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "இந்த வருஷம் இன்னா பைத்தியம்னு முன்னாடியே சொல்லிட்டா நான் ரெடியா இருப்பேன்" என்பாள்.

இந்த வருஷம் வக்கா.

முதலில் அவனுக்கு அவை எதிரிகள். கழுவித் துடைத்து நிமிர்வதற்குள் மேலிருந்து ஒன்று விழும். கல்லெடுத்து எறிந்திருக்கிறான். மார்கழி முடிவில் ஒருநாள் ஒரு காரின் முன்பக்க மூடி மேல் ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. உடம்பெல்லாம் புள்ளி. தலையில் தூங்கி எழுந்த பிள்ளைக்குப் போலச் சிலிர்த்து நின்ற மயிர். கையில் எடுத்தான். அது அவனை முறைத்துப் பார்த்துவிட்டு, தின்றிருந்த மீன் முழுவதையும் அவன் உள்ளங்கையில் கக்கியது. கக்கிவிட்டு மறுபடியும் முறைத்தது.

எத்திராஜுக்கு அந்தத் திமிர் பிடித்துப்போயிற்று.

பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பவ்யா கீழே ஓடி வந்தாள். இருவரும் ஏணி போட்டு அதைத் தாழ்ந்த கிளையில் விட்டார்கள். பிறகு பவ்யா தன் பைனாகுலரை அவன் கண்ணில் வைத்தாள். தாய்ப்பறவையின் சிவப்புக் கண் அவன் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அன்று ஒரு காரும் சரியாகத் துடைக்கப்படவில்லை. டீக்கடையில், ஆசிக் கடையில், ரேஷன் வரிசையில், எங்கும் வக்கா. "கண்ணுனா கண்ணு, ரத்தக் கண்ணு மச்சான்" என்று முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொன்னான்.

அந்த வாரமே குடியிருப்போர் சங்கம் கூடி, ஞாயிற்றுக்கிழமை கிளைகளை வெட்டிவிடுவது என்று முடிவெடுத்தது. மரம் வெட்டும் ஆளுக்குச் சொல்லியாயிற்று. சங்கச் செயலாளர் ஜஸ்டின் நாகர்கோவில்காரர். அந்த வெள்ளைக் கார் அவருடையது. வாங்கி மாதம்கூட ஆகவில்லை. எச்சம் பட்ட இடத்தில் பெயிண்ட் மங்கி ஒரு திட்டு விழுந்திருந்தது. அதை விரலால் தடவித் தடவி எல்லோருக்கும் காட்டினார்.

சட்டம் பேசலாம் என்றாள் பவ்யா. எத்திராஜ் வேண்டாம் என்றான். "சட்டம் பேசினா ஞாயித்துக்கெழம வெட்டுறவரு வியாயக்கெழமயே வெட்டிடுவாரு. மனுசன் கோவக்காரரு, கெட்டவரு இல்ல."

கூட்டம் நடந்த அறைக்குள் அவன் அதுவரை நுழைந்ததில்லை. அன்று நுழைந்தான். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு நின்று பேசினான். குஞ்சுக்கு இன்னும் சிறகு சரியாக முளைக்கவில்லை, கிளையை வெட்டினால் எல்லாம் தரையில்தான் விழும், கார்களுக்கு மேலே நான் கூரை கட்டித் தருகிறேன் என்றான்.

"எச்சம் விழலேன்னா உமக்கு வேலையே இல்லியே ஓய்" என்றார் ஜஸ்டின்.

எல்லோரும் சிரித்தார்கள். எத்திராஜும் சிரித்தான்.

"தூசி கீது சார். தூசி எங்க போவப் போவுது."

ஜஸ்டின் கொஞ்சம் இறங்கி வந்தார். "எனக்குப் பறவை மேல ஒரு விரோதமும் கெடையாது, பாத்துக்கிடும். ஞாயிற்றுக்கெழம காலைல வரைக்கும் மரத்தடியில நிக்க வண்டி ஒண்ணு மேலயும் எச்சம் விழப்பிடாது. விழலேன்னா ஆளு வராண்டாம்னு நானே சொல்லிருதேன். ஒரு சொட்டு விழுந்தாலும் கெள போயிரும்."

அப்படித்தான் ஃப்ளெக்ஸ் வந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அது வேலை செய்தது. எத்திராஜ் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் அடியில் போய் நின்று மேலே பார்ப்பான். கீழேயிருந்து கறுப்புப் பக்கம் மட்டும்தான் தெரியும். பிறகு கார்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து குனிந்து பார்ப்பான். மாலையில் பெரிய வக்காக்கள் குவக் குவக் என்று கத்திக்கொண்டு ஏரிப்பக்கம் கிளம்பின. அவன் ஒவ்வொன்றுக்கும் கை காட்டி வழியனுப்பினான்.

சனிக்கிழமை காலை மூன்றாவது மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். கார்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிரம்மாண்டமான துலுக்கானம் மல்லாந்து படுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கூலிங் கிளாஸ் வெள்ளையாகிவிட்டிருந்தது. மீசையிலிருந்து ஒழுகியிருந்தது. தலைவர்களில் ஒருவருக்குக் கண்ணே இல்லை. போட்டோ குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. அங்கிருந்து அடுத்த குழுவுக்கு. காலை டிபனுக்குள் திருமுல்லைவாயில் முழுவதும் பார்த்துவிட்டது.

மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து கேட்டில் நின்றன. நடுவில் வந்த வண்டியின் பின்சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டை, கரைவேட்டியோடு துலுக்கானம் இறங்கினார். எத்திராஜின் தெருக்காரர்தான். சின்ன வயதில் ஒரே பந்தை உதைத்தவர்கள். நேரே மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய், ஜன்னல் வழியாகத் தன்னைத் தானே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இறங்கி வந்தார்.

"எத்திராஜு. எம்மூஞ்சில போனா போவட்டும். தலைவரு மூஞ்சி உனக்கு இன்னாடா பாவம் பண்ணிச்சு?"

"அண்ணாத்தே, நான் வேணும்னு பண்ணல. கொக்குக்குத் தெரியுமா..."

"கொக்குக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? மூஞ்சிய ஏன்டா மேல பாக்க வெச்ச?"

போட்டோவைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்த ஆசிக்கை எத்திராஜ் பார்த்தான். ஆசிக் கையை விரித்தான்.

"அண்ணாத்தே, சீட் கவர் தெக்கிறவன் நல்ல பக்கத்த வெளிய வெச்சுதான் தெப்பான். கை அப்பிடியே பழகிப்போச்சு. உங்க பக்கந்தான் நல்ல பக்கம்."

"நான் வேற" என்றான் எத்திராஜ். "வழுவழுன்னு கீற பக்கம் மேல இருந்தா தெனம் தண்ணி அடிச்சுக் கழுவ ஈசினு நெனச்சேன். காரு கழுவுற புத்தி. மூஞ்சின்னு பாக்கல, சரக்குன்னுதான் பாத்தேன்."

உடன் வந்த ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

ஜஸ்டின் லுங்கியோடு ஓடி வந்தார். "அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடணும். எங்க சங்கத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. இப்பவே கழத்திப் போட்டிருதோம். எத்திராஜ், கயித்த அவும்."

கழற்றினால் பத்து நிமிடத்தில் ஒரு சொட்டு விழும். விழுந்தால் நாளைக் காலை கிளை போகும். மேலே குஞ்சுகள் இது எதுவும் தெரியாமல் சோற்றுக்குக் கத்திக்கொண்டிருந்தன. அவன் கயிற்றைத் தொடவில்லை.

துலுக்கானம் மெதுவாக ஜஸ்டின் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார் சொன்னீங்க?"

"கழத்திருதோம்னு..."

"என் பேனர நீங்க கழட்டுவீங்களா? தலைவர் படம் போட்ட பேனர?"

மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். ஜஸ்டின் ஒரு அடி பின்னால் போனார்.

எத்திராஜ் அதைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. கேரம் போர்டில் சிவப்புக் காய் மூலையருகே வந்து நிற்கும்போது இப்படித்தான் மாறும்.

"கழட்டவே வேணாம்" என்றான். குரல் அவனை மீறி உயர்ந்தது. "யாரும் கழட்ட வேணாம். திருப்பிப் போட்டுர்லாம். கறுப்பு மேல, நீ கீழ. மச்சான், நீ ரோசன பண்ணிப் பாரு. இப்போ உன்ன யாரு பாக்குறா? வக்காதான் பாக்குது. வக்காவுக்கு இன்னா ஓட்டா கீது? திருப்பிட்டா, கார்ல இருந்து எறங்குற ஒவ்வொருத்தரும் தலைய தூக்கினா நீதான். கும்பிட்டுகினு நிப்ப. எச்சம் மேல போவுது, மூஞ்சி கீழ பாக்குது. சொட்டு படாது."

அண்ணாத்தே மச்சானாகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

துலுக்கானம் கூலிங் கிளாஸைக் கழற்றி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். கார்களைப் பார்த்தார். எவ்வளவு பேர் இங்கே குடியிருக்கிறார்கள் என்று ஜஸ்டினிடம் கேட்டார். பதில் வருவதற்குள் தன் ஆட்களுக்குக் கண் காட்டினார்.

"ஒரு நிமிசம்" என்று எத்திராஜ் கையை உயர்த்தினான். "கீழ எறக்கக் கூடாது. எறக்கினா சார் வண்டி மேல உழும். காத்துலயே திருப்பணும்."

அப்படி ஒரு காட்சியை அந்தக் குடியிருப்பு அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் கார்களுக்கு நடுவே இரண்டு வரிசையாக நின்று கைகளை உயர்த்தினார்கள். ஆசிக் முடிச்சுகளை அவிழ்த்தான். பவ்யா பால்கனியிலிருந்து உத்தரவு போட்டாள். "இடது பக்கம் ஏத்துங்க. அய்யோ, உங்களுக்கு இடது இல்லீங்க, எனக்கு இடது." ஃப்ளெக்ஸ் பாதியாக மடிந்து, பாய்மரம் போல எழுந்து நின்று, மறுபக்கம் சாயத் தொடங்கியது. எத்திராஜ் கார்களுக்கு இடையில் ஓடினான். வெள்ளைக் காருக்கு மேலே ஃப்ளெக்ஸ் விலகியபோது தன் துண்டை உதறி விரித்துப் பிடித்தான். சொத்தென்று வந்து விழுந்தது துண்டில்.

"புடிச்சிட்டேன் சார், பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். அந்தப் பக்கம் வருகு பாரும்" என்று கத்தினார் ஜஸ்டின். அவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஓரத்தைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியாது.

அந்தப் பக்கம் வந்தது துலுக்கானத்தின் தோளில் விழுந்தது. புதிதாகப் பெட்டி போட்ட சட்டை. எல்லோரும் அப்படியே கை தூக்கியபடி நின்றுவிட்டார்கள். துலுக்கானம் தோளைப் பார்த்தார்.

"நேத்து பூரா மூஞ்சில போச்சு. இன்னிக்கி சொக்காதானே. இழுங்கடா."

கயிறுகள் இறுகின. ஆசிக் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து குதித்தான். பவ்யா வாளியும் துணியும் கொண்டு ஓடி வந்தாள். எத்திராஜ் ஏணியில் ஏறி, காய்ந்து ஒட்டியிருந்ததை மூக்கு, கண்ணாடி, மீசை என்று வரிசையாகத் துடைத்தான். கார் துடைப்பதைவிட ஜாக்கிரதையாகத் துடைத்தான். தலைவர்களையும் துடைத்தான். பிறகு எல்லோரும் அடியில் கூடி அண்ணாந்து பார்த்தார்கள்.

இலை நிழலில் அந்த முகம் ஆகாயம் முழுவதையும் அடைத்துக்கொண்டு கும்பிட்டது.

துலுக்கானம் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து பார்த்தார். திரும்பவும் நடுவில் வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் கீறேன்" என்றார்.

தட் என்று ஒரு சத்தம். நெற்றிக்கு மேலே எங்கோ விழுந்தது. கீழே ஒன்றும் வரவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் விசிலடித்தார்கள்.

ஜஸ்டின் தன் காரின் அருகில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது இந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது போலும்.

"கெளய வெட்டிட்டா... இதுக்கு அவசியம் இருக்காதுல்லா" என்றார் பாதிக் குரலில்.

துலுக்கானம் அவர் தோளில் அன்பாகக் கை போட்டார். எச்சம் பட்ட தோள் ஜஸ்டினின் தோளோடு உரசியது.

"எத்திராஜு, குஞ்சு பறக்க எத்தினி நாளாவும்?"

"மாசி பொறந்துடும் அண்ணாத்தே."

"சார், மாசி பொறக்கட்டும். அது வரிக்கும் மரத்துல யாரும் கை வெக்க வேணாம். கெள உழுந்தா பேனர் கிழியும். பேனர் கிழிஞ்சா எங்க பசங்க மனசு கஷ்டப்படும்."

பசங்கள் மனசு கஷ்டப்படுகிற மாதிரி ஜஸ்டினைப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்து, எல்லோர் முன்னாலும், மரம் வெட்டுபவரிடம் நாளைக்கு வராண்டாம் என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "பொறவு சொல்லுதேன்வே, இப்ப ஆளு நிக்காவ" என்று வைத்தார். வைத்துவிட்டு, தன் காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "வேல சுத்தமாத்தான் இருக்கு" என்றார் எத்திராஜிடம்.

எத்திராஜுக்குப் பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாயில் கயிறு இல்லாமலே ஒன்றும் வரவில்லை. பவ்யா பைனாகுலரை நீட்டினாள். பெரிய வக்கா ஒன்று நடுப்பகலில் ஏரியிலிருந்து வந்து கூட்டின் விளிம்பில் இறங்கியது. குஞ்சுகள் அதன் அலகைப் பிடித்து இழுத்தன. துலுக்கானம் "குடு, குடு" என்று கை நீட்டினார். எத்திராஜ் கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறு மச்சான் என்று கையால் காட்டினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மரம் வெட்டுபவர் வரவில்லை. எத்திராஜ் விடிவதற்குள் வந்தான். கறுப்புப் பக்கத்தில் நீளக் குழாயால் தண்ணீர் அடித்தான். கார்களில் தூசி இருந்தது. வரிசையாகத் துடைத்தான். ஜஸ்டின் குடும்பத்தோடு பூந்தமல்லி பக்கம் சர்ச்சுக்குப் போனார். மேலே பார்க்காமல் காரை எடுத்தார். ஆசிக் கடையைத் திறந்தான். பவ்யா மதியம் வரை தூங்கினாள். எத்திராஜ் வேலையை முடித்து வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். கெங்கம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டான்.